திரும்பி வர நாலு டிக்கெட்

அத்தியாயம் 17

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது பெரியவள் போனும் கையுமாகக் குளியலறைக்குள் நின்றிருந்தாள். சீனாவில் அவள் தம்பி கிடக்கிற ஆஸ்பத்திரியிலிருந்து வந்த செய்தியில் இருந்தது ஒரே ஒரு வரி. பெற்றோர் நேரில் வந்து முடிவு சொல்ல வேண்டும் என்று டாக்டர்கள் கேட்கிறார்கள்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, டாக்டர் உங்களை நேரில் பார்க்க வேண்டுமாம் என்று மட்டும் அப்பாவிடம் சொன்னாள். 'முடிவு' என்ற சொல்லைக் குளியலறையிலேயே விட்டுவிட்டாள்.

அதை முழுங்கிக்கொண்டே ஆறு நாள் ஓட்டிவிட்டாள். ஏழாம் நாள் செவ்வாய்க்கிழமை. மூன்று பேரும் விசா ஆபீசுக்குப் போக வேண்டிய நாள்.

காலை ஆறு மணிக்கே அப்பா குளித்து, தலை வாரி, மேஜை முன்னால் உட்கார்ந்துவிட்டார். சட்டைப் பையில் இரண்டு பேனா. எதிரே நோட்டு.

அப்பா முப்பத்தொரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வரணும், எத்தனை மணிக்கு வெளியே போகணும் என்று ஒரு கூண்டுக்குள் உட்கார்ந்து விசில் ஊதியே பிள்ளைகளை வளர்த்தவர். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் சமையலறையில் குக்கர் விசிலடித்தால் சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

அந்த மனிதர் இந்த நாற்பத்திரண்டு நாளில் ஒரு ஊரையே நோட்டில் எழுதி முடித்திருந்தார்.

ஊர்ப் பெயர் அம்மாவின் வாயில் நுழையவில்லை. அதனால் வீட்டில் எல்லாருக்கும் அது வெறும் சீனாதான். அவ்வளவு பெரிய தேசமும் சின்னவன் ஒருத்தன் தங்குவதற்காகவே உண்டானது மாதிரி பேசுவார்கள்.

விமான நிலையத்தில் இறங்கினால் எத்தனை நிமிஷ நடை, எந்த நிறத்து ரயில் பாதை, எத்தனையாவது நிறுத்தத்தில் மாறுவது, ஆஸ்பத்திரிக்கு எந்த வாசல் வழியாக மேலே ஏறுவது, எல்லாம் அந்த நோட்டில் இருந்தது. அங்கே யாரும் காசைக் கையால் தொடுவதில்லை, போனைக் காட்டினால் போதும் என்று படித்துவிட்டு, போனில் அதற்கான ஏற்பாட்டைச் செய்துகொண்டார். எழுத்துக்கு நேரே போனைக் காட்டினால் தமிழில் சொல்கிற வசதியையும் போட்டுக்கொண்டார். மாவுப் பாக்கெட்டிலிருந்து மருந்துச் சீட்டு வரைக்கும் எல்லாவற்றின் மேலும் அதைக் காட்டிப் பழகினார்.

இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ரயில் என்பதை மட்டும் அவரால் ஜீரணிக்க முடியவில்லை. அப்படியானால் அந்த ஊரில் டைம்கீப்பருக்கு என்னதான் வேலை என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் விமான டிக்கெட் விவரம். போகும்போது மூன்று பேர். திரும்பும்போது நாலு பேர்.

நாலாவது இருக்கை ஜன்னலோரம். பக்கத்தில் அப்பா. சக்கர நாற்காலி வேண்டும் என்று டிராவல்ஸ்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, அவர் பதில் சொன்ன நேரத்தைக்கூட ஓரத்தில் குறித்திருந்தார்.

சின்னவன் அங்கே போய் இரண்டு வருஷம் ஆகிறது. மின்சார பஸ்களுக்கு பேட்டரி செய்கிற கம்பெனியில் அதைச் சோதித்துப் பார்க்கிற வேலை. அப்பாவை வந்து பார்க்கச் சொல்லி வாரம் தவறாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஊர் முழுக்க சத்தமே போடாத பஸ்ஸாம். ஒருநாள் டிப்போ வாசலில் நின்று போனில் காட்டினான். வரிசையாக நாற்பது பஸ் புறப்பட்டுப் போனது, அவன் செருப்பு தேய்கிற சத்தம்தான் கேட்டது. வந்து பாருங்கப்பா, உங்க விசில் இங்கே பத்து தெருவுக்குக் கேக்கும் என்று சொன்னான்.

வரேன் வரேன் என்று அப்பா தள்ளிக்கொண்டே வந்தார்.

அப்புறம் ஒரு மழை நாள் சாயங்காலம், வேலை முடிந்து திரும்பும்போது அவனுடைய சின்ன மின்சார வண்டி சறுக்கியது. தலை நடைபாதை விளிம்பில் மோதியது. அவ்வளவுதான் நடந்தது. யார் மேலும் குற்றம் இல்லை. கோபப்படக்கூட ஒரு ஆள் கிடைக்கவில்லை.

அன்றைக்கே கிளம்பியிருப்பார்கள். ஆனால் அம்மாவுக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. அது கைக்கு வந்து சேரவே முப்பது நாள் பிடித்தது.

அங்கே அவர்களுக்கு இருந்த ஒரே துணை, சின்னவனோடு வேலை பார்த்த ஒரு சீனத்துப் பெண். அவளுக்கு இங்கிலீஷ் தெரியும். வேலை முடிந்ததும் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, பெரியவளுக்கு இரண்டு வரி எழுதிப் போடுவாள். அவளுக்குக் கொடுப்பதற்காக அம்மா தன் கையாலேயே தடி அட்டை போட்டு ஒரு நோட்டு தைத்து வைத்திருந்தாள். அம்மாவுக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை.

பெரியவளுக்கு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறையில் வேலை. பதினோரு வருஷமாக ஆட்களைப் படுக்க வைத்து, அசையாதீங்க என்று சொல்லி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தலைகளின் உட்புறத்தைப் பார்க்கிறவள். வெளியே காத்திருப்பவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள். எதுவானாலும் டாக்டர் சொல்வார் என்பாள். அதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கு ஒரு முகமே அமைந்துவிட்டது.

விபத்துக்கு மறுநாள் அந்தப் பெண் ஸ்கேன் படங்களை அனுப்பினாள். பெரியவள் வேலை இடத்தில், துணி மாற்றுகிற அறையில் நின்றபடி பார்த்தாள். இரண்டாவது படத்துக்கு மேல் தள்ள வேண்டிய அவசியமே இருக்கவில்லை. மடிப்பு மடிப்பாக இருக்க வேண்டிய மூளை மாவு பிசைந்து வைத்தது மாதிரி ஒரே சாம்பலாக இருந்தது.

கண் ஏமாற்றுகிறதோ என்று பெரிய டாக்டரிடம் போனை நீட்டினாள். அவர் பார்த்துவிட்டு, யார் இது என்றார். தெரிஞ்ச பையன் என்றாள். பாவம் என்று சொல்லி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த படத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். ஸ்கேன் வந்ததா என்றார். வீக்கம் இருக்குப்பா, குறையும் என்றாள் பெரியவள்.

அந்த 'குறையும்' என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் அவர் நோட்டு வாங்கினார்.

*

விசா ஆபீஸ் ஏழாவது மாடியில். லிப்டில் ஏறும்போது அம்மா பெரியவளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். லிப்ட், நகரும் படிக்கட்டு இரண்டும் அம்மாவுக்கு ஆகாது. சீனாவில் வேற வழியே இல்லை, எல்லாம் நகரும் படிக்கட்டுதான் என்று அப்பா பத்து நாளாக அவளைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் ஏறி இறங்கப் பழக்கியிருந்தார். கால் எடுத்து வை, இப்போ, இப்போ என்று டிரைவருக்குச் சைகை கொடுப்பது மாதிரி கை காட்டுவார். அம்மா மூன்றாம் நாள்தான் ஏறினாள்.

டோக்கன் எழுபத்தாறு. பச்சை நிற நாற்காலிகள். சுற்றுலா போகிறவர்கள், சரக்கு வாங்கப் போகிறவர்கள், படிக்கப் போகிற பிள்ளைகள். பக்கத்தில் ஒரு குடும்பம் உயரமான கோபுரத்தின் எத்தனையாவது மாடியில் சாப்பிடுவது என்று பேசிக்கொண்டிருந்தது. அம்மா அவர்களோடு பேச்சுக் கொடுத்து, நாங்களும் பையனைப் பாக்கத்தான் போறோம் என்றாள். கொடுத்து வெச்சவங்க என்றாள் அந்தக் குடும்பத்து அம்மாள்.

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண் சின்ன வயதுக்காரி. அப்பா காகிதங்களை அவர் எழுதி வைத்திருந்த வரிசையில் ஒவ்வொன்றாகக் கொடுத்தார். போட்டோ, படிவம், டிக்கெட் நகல், தங்குமிடம். அவள் டிக்கெட் நகலில் நாலாவது பெயரைப் பார்த்து, இவர் யாரு என்றாள். என் மகன், அங்கேருந்து எங்களோட திரும்பறான் என்றார் அப்பா.

ஆஸ்பத்திரிக் கடிதம் மட்டும் பெரியவளின் கைப்பையில் இருந்தது. சிவப்பு முத்திரை வைத்த முழுச் சீன எழுத்துக் கடிதம். அதை அவளே பிரிண்ட் எடுத்து, உறையில் போட்டு ஒட்டி, அப்பாவின் போன் அதன் மேல் படாமல் இரண்டு நாள் காப்பாற்றியிருந்தாள். இப்போது உறையைக் கிழித்து நேராகக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.

சீன எழுத்து படிக்கத் தெரிந்த அந்தப் பெண் கடிதத்தைப் படித்தாள். பாதியில் வேகம் குறைந்தது. படித்து முடித்து டிக்கெட் நகலை மறுபடி ஒரு தரம் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள்.

அதற்கப்புறம் அவள் குரல் மாறிவிட்டது. உட்காருங்க ஐயா என்றாள். அவசரப் பிரிவில் போட்டுவிடுவதாகவும், வெள்ளிக்கிழமையே கிடைத்துவிடும் என்றும் தானாகவே சொன்னாள். சனிக்கிழமை விமானம். அப்பா பெருமையாகப் பெரியவளைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நாள் கூடுதல் அவகாசம் விட்டுத்தான் அவர் தேதி போட்டிருந்தார்.

அப்பாவின் பாஸ்போர்ட்டைத் திறந்ததும் அந்தப் பெண்ணின் கை நின்றது. யாரையோ கூப்பிட்டுக் காட்டினாள். வந்தவரும் தலையை ஆட்டினார்.

"ஐயா, உங்க பாஸ்போர்ட் இன்னும் நாலு மாசம்தான் இருக்கு. ஆறு மாசமாவது இருக்கணும்."

"நாங்க பத்து நாள்ல திரும்பிடறோம்மா."

"தெரியுதுங்கய்யா. ஆனா விதி அப்படி. அவங்க ரெண்டு பேருக்கும் எடுத்துக்கறேன். உங்களுக்கு எடுத்துக்க முடியாது."

அப்பா வாதாடவில்லை. டிப்போ விதி, போக்குவரத்து விதி என்று விதியிலேயே ஊறியவருக்கு விதியோடு சண்டை போடத் தெரியாது. எவ்வளவு நாளில் புதுசு வாங்கலாம் என்று கேட்டார். என்ன அவசரம் என்றாலும் ஒரு வாரம், அதற்கப்புறம் மறுபடி இங்கே டோக்கன் எடுக்க வேண்டும் என்றாள்.

அந்த ஒரு வாரம் கிடையாது. அவன் ரத்த அழுத்தம் மருந்தால்தான் நிற்கிறது, மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போகிறது என்று நேற்றே சீனத்துப் பெண் எழுதியிருந்தாள். சீக்கிரம் வரச் சொன்னார்கள் என்று மட்டும்தான் பெரியவள் வீட்டில் சொல்லியிருந்தாள்.

அம்மாவைக் கைரேகை எடுக்க உள்ளே கூப்பிட்டார்கள். பெரியவளின் ரேகை அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அம்மாவுக்கு நேரமாகும் என்றார்கள். அப்பாவும் மகளும் ஜன்னலோர பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள்.

அப்பா பாஸ்போர்ட்டைத் திறந்து தேதியைப் பார்த்தார். மூடினார். மறுபடி திறந்து பார்த்தார். நான் தேதியைப் பாத்தேன், பாக்காம இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெரியவள் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, விடுங்கப்பா, யாருக்குத்தான் அந்த விதி தெரியும் என்றாள்.

அவர் கேட்டது வேறு.

"அந்தப் பொண்ணு லெட்டரைப் படிச்சுட்டு என்னை ஏன் அப்படிப் பாத்தா?"

"எப்படிப் பாத்தா?"

"ஸ்டாண்டுல பிள்ளையைத் தொலைச்சவங்க வந்து நிப்பாங்க. அவங்களை நான் அப்படித்தான் பாப்பேன்."

டாக்டர் சொல்வார் என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. பதினோரு வருஷப் பழக்கம். ஆனால் அவர் முகம் அவளுக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்தது. காலையில் அவசரமாக மழித்ததில் தாடைக்குக் கீழே நாலு வெள்ளை முடி விட்டுப்போயிருந்தது.

"அப்பா, மெஷின்தான் மூச்சு விடுது. அவன் விடலை."

அப்பா பாஸ்போர்ட்டை மூடினார்.

"ரெண்டாம் நாளே மூளை போயிடுச்சுப்பா. நான் பாத்தேன். இனிமே முழிக்க மாட்டான். மெஷினை எடுக்கறதுக்கு அப்பாவோ அம்மாவோ நேர்ல வந்து சொல்லணும்னுதான் அவங்க கூப்பிடறாங்க."

பக்கத்து வரிசையில் கோபுரக் குடும்பத்துக்கு டோக்கன் விழுந்து எல்லாரும் எழுந்து போனார்கள். அப்பா அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நூத்துல ஒண்ணாவது, என்று ஆரம்பித்தார். இல்லப்பா என்றாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ரெண்டாம் நாளே."

அவர் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. அவர் தலைக்குள் நாள் எப்போதும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

"நாப்பது நாள்" என்றார். குரல் உயரவில்லை. "முப்பத்தோரு வருஷம் நான் கூண்டுல உக்காந்திருக்கேன். வண்டி வராதுன்னா வராதுன்னு மைக்குல சொல்லிடுவேன். கண்டபடி திட்டுவாங்க. ஆனா வேற வழி பாத்துக்கிட்டுப் போயிடுவாங்க. வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டே ஒரு ஆளை நான் ஸ்டாண்டுல உக்கார வெச்சதில்லை. நீ என்னை நாப்பது நாள் உக்கார வெச்சுட்டே."

பெரியவளுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மா அப்போது இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, குறையும் என்று சொன்ன அன்றைக்குத்தான் ஒரு வாய் சாப்பிட்டாள், நீங்களும் கடைக்குப் போய் நோட்டு வாங்கிட்டு வந்துட்டீங்க, அதுக்கப்புறம் எந்த நாளைப் பாத்து நான் சொல்றது என்று கேட்டாள். கேட்கும்போதே அது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அப்புறம் அவர் கேட்டதுதான் பெரியவளை உடைத்தது. அவனுக்கு வலிக்குதா என்றார்.

"இல்லப்பா. எதுவும் தெரியாது."

"உன் படத்துல வலி தெரியுமா?"

"தெரியாது. ஆனா இல்லப்பா. சத்தியமா இல்லை."

தலையை ஆட்டிக்கொண்டார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்து, மடித்து, பையில் வைத்தார்.

"உங்கம்மாகிட்ட நான் சொல்றேன். இன்னிக்கே சொல்லிடறேன். நீ வாயைத் திறக்காதே. நீ சொன்னா அவ உன்னை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டா. என்னைத் திட்டிப் பழக்கம்தான் அவளுக்கு."

கதவைத் தள்ளிக்கொண்டு அம்மா வந்தாள். முகத்தில் நாற்பது நாளாகக் காணாத ஒரு தெளிவு. விரல் ரேகையே விழவில்லையாம். காகிதம் மடித்து மடித்து எல்லாம் தேய்ந்துபோச்சாம். ஈரத்துணியில் துடைத்து, எண்ணெய் தடவி, ஆறாவது தடவைதான் மெஷின் ஒத்துக்கொண்டதாம். அம்மா, நீங்க திருட்டு வேலைக்குப் போனா மாட்டவே மாட்டீங்கன்னு ரேகை எடுத்த தம்பி சொல்லிட்டான் என்று சொல்லிச் சிரித்தாள்.

அப்பா வர முடியாது என்று கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றது. பாஸ்போர்ட்டை வாங்கித் தானும் ஒரு தடவை புரட்டிப் பார்த்தாள். பிறகு அப்பாவின் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டாள்.

"நீங்க வீட்டைப் பாத்துக்குங்க. நாங்க ரெண்டு பேரும் போய் அவனைக் கூட்டிட்டு வந்துடறோம்."

*

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டைக் கேட்டாள். நீங்க வரலைன்னா வழி எனக்குத்தானே தெரியணும், சொல்லிக் கொடுங்க என்றாள். பெரியவள் இருக்கா, அவ பாத்துக்குவா என்றார் அப்பா. அவ டாக்டரோட பேசப் போயிட்டா நான் தனியா வழி கண்டுபிடிச்சு வர வேண்டாமா என்றாள் அம்மா.

அப்பா சொல்லிக் கொடுத்தார். பின் இருக்கையில் இருந்த பெரியவள் கேட்டுக்கொண்டு வந்தாள். பச்சைப் பாதையில் ஏறி உட்கார்ந்ததிலிருந்து ஒன்பதாவது நிறுத்தம். கதவு இடது பக்கம் திறக்கும். அங்கே இறங்கி ஆரஞ்சுப் பாதை. நாலாவது நிறுத்தம். வாசல் நாலு இருக்கும், மூணாவதில் ஏறணும், இல்லாவிட்டால் எட்டு நிமிஷம் சுற்று. அம்மா விரலை மடக்கி மடக்கித் திருப்பிச் சொன்னாள். தப்பு வந்தால் அவர் திருத்தினார்.

இப்போது சொல்லிவிடுவார், அடுத்த நிறுத்தத்தில் சொல்லிவிடுவார் என்று பெரியவள் காத்திருந்தாள். அவர் நிறுத்தங்களைத்தான் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாம் தடவை அம்மா தப்பில்லாமல் சொன்னபோது, சரி என்றார். நோட்டை மூடி அவள் மடியில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து அப்பா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, டிராவல்ஸ்காரர் கூப்பிட்டார். விசா ஆபீசில் என்ன ஆச்சு என்று கேட்டார். அப்பா தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். போகும்போது ரெண்டு, அப்போ திரும்பும்போது எத்தனை சார் என்று அவர் கேட்டது ஸ்பீக்கரில் எல்லாருக்கும் கேட்டது.

சமையலறையிலிருந்து அம்மாதான் சொன்னாள். மூணு, நான், இவ, அவன்.

"சார், மூணுதானே?"

அப்பா சுவரைப் பார்த்தபடி நின்றார். பெரியவளை அவர் பார்க்கவில்லை.

"மூணு" என்றார்.

சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் அவர் பலமுறை சமையலறை வாசலுக்குப் போனார். தண்ணீர் குடித்தார். கடிகாரத்தை எடுத்துத் துடைத்து மாட்டினார். ஒருமுறை, இங்க பாரு என்று கூப்பிட்டேவிட்டார். அம்மா திரும்பி என்னங்க என்றாள். அவள் கையில் சின்னவனின் பழைய ஸ்வெட்டர். அங்கே குளிருமாமே, இதையும் எடுத்து வைக்கவா என்று அவளே கேட்டாள். வை என்று சொல்லிவிட்டு அப்பா திரும்பி வந்துவிட்டார்.

எத்தனை ஆயிரம் பேருக்கு மைக்கில் சொன்ன மனுஷன் என்று பெரியவள் நினைத்துக்கொண்டாள். தன் மேல் இருந்த கோபம் கொஞ்சம் இடம் மாறி, அவர் மேல் இரக்கமாக ஆனது. அது இன்னும் தாங்க முடியாததாக இருந்தது.

ஐந்தேகாலுக்குச் சீனத்துப் பெண்ணே கூப்பிட்டாள். எழுதிப் போடுகிறவள், கூப்பிடுவது இது இரண்டாம் தடவைதான். அவள் பின்னால் மெஷின்கள் சீராகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தன. டாக்டர்கள் சனிக்கிழமை வரைக்கும் எப்படியாவது நிறுத்தி வைக்கிறோம் என்கிறார்களாம். வருகிறவர் அப்பாவா அம்மாவா என்று கேட்கிறார்களாம். காகிதத்தை முன்கூட்டியே தயார் செய்ய வேண்டுமாம். கையெழுத்துப் போடுகிறவரின் பெயரை எழுத்துப் பிசகாமல் சொல்லச் சொன்னாள். சொல்லும்போது அந்தப் பெண்ணின் குரல் நடுவில் ஒரு தடவை அறுந்துபோய்த் திரும்ப வந்தது.

பெரியவள் இங்கிலீஷில் கேட்டு, பக்கத்தில் நின்ற அப்பாவுக்குத் தாழ்ந்த குரலில் சொன்னாள். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்ன கேக்கறா?"

பெரியவள் அப்பாவைப் பார்த்தாள். வாயைத் திறக்காதே என்று அவர் சொல்லியிருந்தார். இப்போது திறக்க வேண்டியது அவர்.

"உன் பேரு எப்படி எழுதணும்னு கேக்கறா" என்றார் அப்பா.

"என் பேரா? எதுக்கு?"

"கையெழுத்துக்கு."

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாள் ஆஸ்பத்திரி, கம்பெனி, பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் அப்பா பெயரைத்தான் கேட்டார்கள். பெரியவளிடமிருந்து போனை வாங்கிக்கொண்டாள். பாஸ்போர்ட்டை விரித்து வைத்து, அதில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது மாதிரி படித்தாள். அந்தப் பக்கத்தில் அந்தப் பெண் ஒவ்வோர் எழுத்தையும் திருப்பிச் சொன்னாள். கடைசி எழுத்து முடிந்ததும் அந்தப் பெண் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அம்மாவுக்கு அது புரியவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அந்தப் பெண் இங்கிலீஷில் சொன்னது போனுக்கு வெளியேயும் கேட்டது. அது பெரியவளுக்கு மட்டும்தான் புரிந்தது.

"பேர் சொல்லிக் கையெழுத்துக் கேக்கறாங்கன்னா, வீட்டுக்கு அனுப்பற பேப்பரா இருக்கும்" என்றாள் அம்மா.

அப்பாவின் பையிலிருந்து ஒரு பேனாவை அவளே எடுத்தாள். அச்சகத்தில் மிஞ்சிய ஓரக் காகிதம் ஒன்றை மேஜையில் போட்டு உட்கார்ந்து தன் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தாள். வருகைப் பதிவில் கிறுக்குவது மாதிரி போட்டால் அங்கே செல்லாது என்று நினைத்தாளோ என்னவோ, முழுப் பெயரையும் நிதானமாக எழுதினாள். பிடிக்கவில்லை. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே ஒன்று. மூன்றாவது நேராக வந்தது.

காகிதத்தைத் தூக்கி இரண்டு பேருக்கும் காட்டினாள். எது நல்லா இருக்கு என்று கேட்டாள்.

பெரியவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்தார்.

அம்மா காகிதத்தைக் கீழே வைத்தாள். பேனாவை மூடினாள். மூடி சொடுக்கென்று விழுந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"காலையிலேருந்து பாக்கறேன்" என்றாள். "ரெண்டு பேரும் என் முகத்தைப் பாத்துப் பேச மாட்டேங்கறீங்க. ஏன்?"

அப்பா மெதுவாக எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நாற்காலி ஒன்றை இழுத்து வந்து, முழங்காலும் முழங்காலும் இடிக்கிற அளவுக்கு அம்மாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.